ஜப்பான் வாத்தியம்

போன வாரம் நம் பள்ளிக்கூடத் தோழியர் குழுவில் ஒரு பாட்டு வந்ததே, அதற்குக் கீழே நீங்கள் எழுதியதையெல்லாம் ஒரு வரி விடாமல் வாசித்தேன். கோயம்புத்தூர்க்காரி தன் பழைய கேசட்டை மகன் கையால் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பியிருந்தாள். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வருகிற அந்த 'ஊம்ம்' சத்தம் என்ன வாத்தியம், யாருக்காவது தெரியுமா என்று கேட்டிருந்தாள். அவ்வளவுதான், ஊரில் உள்ள ஞானமெல்லாம் வந்து கொட்டிவிட்டது. ஒருத்தி கண்ணீர் வடிக்கும் பொம்மைகளை வரிசையாக ஒட்டியிருக்கிறாள். இன்னொருத்தி, இந்தக் காலத்தில் இப்படி ஒரு சத்தம் போட எவனுக்கு வரும் என்கிறாள். மதுரையில் இருப்பவளின் வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற இன்ஜினியர், மனைவியின் போனைப் பிடுங்கி, ரஷ்யாவில் கை படாமலே வாசிக்கிற கருவி ஒன்று உண்டு, அதுவாகத்தான் இருக்கும் என்று ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெண்கள் குழுவில் அவருக்கு என்ன வேலை என்று ஒருத்தியும் கேட்கவில்லை. கை தட்டியிருக்கிறீர்கள்.

மூட்டுக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று என்று மாத்திரை விழுங்குகிற வயதில் நமக்குப் பொழுது போக வேண்டாமா. ஆனால் அந்தச் சத்தம் பிறந்த வீட்டில் வளர்ந்தவள் நான். ரஷ்யாவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு அடுப்படி. தெரிந்த பிறகாவது கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது நாம் ஏழாவதோ எட்டாவதோ படித்துக்கொண்டிருந்தோம். எங்கள் தெருவில் பாதிப்பேர் மில்லுக்குப் போகிறவர்கள். ஷிப்டு முடிந்து தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வருவார்கள். என் சித்தப்பாவும் மில்லில்தான் வேலை பார்த்தார், ஸ்டோரில். ஆனால் அவரைக் கேட்டால், மில் வேலை சும்மா பேருக்கு, உண்மையில் தான் ஒரு இசைக்கலைஞன் என்பார். ஒரு தடவை மெட்ராஸுக்குப் போய் ஒரு ரிக்கார்டிங் ஸ்டுடியோவின் வெளிக்கேட்டு வரைக்கும் பார்த்துவிட்டு வந்தவர். அந்தக் கேட்டை வைத்தே காலத்தை ஓட்டினார். 'எக்கோ', 'பேலன்ஸ்', 'ஸ்டீரியோ' என்று மூன்று வார்த்தைகள் அவர் வாயில் எப்போதும் தயாராக இருக்கும். என்ன கேட்டாலும் இதில் ஒன்று விழும். குழம்பில் உப்புக் குறைந்தால்கூட அம்மாவிடம் "மதினி, பேலன்ஸ் இல்ல" என்பார். அம்மா அதற்குச் சிரிக்க வேண்டும்.

அவர் ஒரு இன்னிசைக் குழுவும் வைத்திருந்தார். இவர் போங்கோ தட்டுவார். சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் மாஸ்டர் ஒருவர் கீபோர்டு. ஆண்கள் பள்ளிக்கூடத்துச் சயின்ஸ் வாத்தியார் அறிவிப்பாளர். கல்யாண வீடுகளில் இவர்கள் வாசிக்க ஆரம்பித்தால் சனங்கள் பந்திக்கு எழுந்துவிடுவார்கள். பந்திக்கு ஆள் திரட்டவே இவர்களைக் கூப்பிடுகிறார்கள் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. மூவருக்கும் அது தெரியாது. தங்கள் இசையைக் கேட்டுப் பசி எடுக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

சித்தப்பாவிடம் ஒரு டேப் ரிக்கார்டர் இருந்தது. நீங்கள் எல்லோரும் வந்து வாயைப் பிளந்து பார்த்தீர்களே, அதுதான். கறுப்புப் பெட்டி, முன்னால் கட்டை கட்டையான பித்தான்கள், ஓரத்தில் சல்லடைக் கண் போல ஒரு சின்ன மைக். சிங்கப்பூர்ச் சாமான். அதற்கு வெல்வெட்டில் உறை தைத்துப் போட்டிருந்தார். எங்களுக்கு வருஷத்துக்கு ஒரு பாவாடை, அதற்கு மட்டும் தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று. பஞ்சில் கொலோன் தொட்டு அதன் உள்வாயைத் துடைப்பார். அந்த வாசனை வீட்டு முன்கூடமான பட்டாசாலை முழுக்க நிற்கும். பிள்ளைகள் தொடக் கூடாது. பெண்கள் பக்கத்திலேயே போகக் கூடாது, வளையல் சத்தம் டேப்பில் ஏறிவிடுமாம்.

அந்தப் பாட்டு வந்த படம் ஓடவில்லை. நம் ஊர்க் கொட்டகையில் வந்த வேகத்தில் பெட்டி திரும்பிவிட்டது. பாட்டுதான் நம்மை விட்டுப் போகவில்லை. ரிப்பன் கட்டும்போதும் பாடினோம், சத்துணவு வரிசையிலும் பாடினோம். அதன் ரெக்கார்டு மைக் செட்டுக்காரரிடம் மட்டும் இருந்தது. கல்யாண வீட்டுக்கும் சடங்கு வீட்டுக்கும் குழாய் கட்டுகிறவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் நம்மிடமும் தெலுங்குதான் வரும். ரெக்கார்டை யாரையும் தொட விடமாட்டார். சித்தப்பா குழைந்து பேசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ரெக்கார்டு, பிளேயர், ஆள் மூன்றையும் எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார்.

ரெக்கார்டில் இருந்து டேப்புக்கு ஏற்ற ஒரு ஒயர் வேண்டும். அந்த ஒயர் சித்தப்பாவிடம் இல்லை. மெட்ராஸ் கேட்டில் நின்றவரிடம் ஒயர் இல்லை. ஆகவே அந்தக் காலத்தில் ரேடியோவில் பாட்டுப் பிடித்தவர்கள் எல்லோரும் செய்ததையே அவரும் செய்தார். ஸ்பீக்கருக்கு எதிரே, அடுப்படிக் கதவை ஒட்டி டேப் ரிக்கார்டரை வைத்து, வீட்டையே வாயை மூடச் சொன்னார். எதிர்வீட்டு வெள்ளை நாயைத் தெருமுனைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். சுவர்க் கடிகாரத்தைப் போர்வையில் சுற்றினார்கள். மின்விசிறி நின்றது. அம்மா தாளிப்பைப் பாதியில் விட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். ஐஸ்காரன் மணியடித்து வந்தால் தடுப்பதற்கு என்னைத் தெருவில் நிறுத்தினார்கள். அக்காவை அடுப்படிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தி, "மூச்சுச் சத்தம் வந்துச்சுன்னா தோல உரிச்சுப்புடுவேன்" என்றார் சித்தப்பா.

என் அக்காவை உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அவளை யாரும் கவனித்ததில்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள், மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்ன வயதில் அவள் பாடினால் தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பார்களாம். அவள் வயதுக்கு வந்த பிறகு அப்பா ஒரே வார்த்தையில் நிறுத்திவிட்டார். "பொட்டப்புள்ள சினிமாப் பாட்டு பாடுற பழக்கம் இந்த வீட்டுல வேண்டாம்." அதோடு சரி. ஆனால் என்னிடம் அவள் சொல்வாள்: "கல்யாணம் ஆகுறதுக்குள்ள ஒரு தடவ மைக்குல ஒரு பாட்டு முழுசாப் பாடணும்ட்டீ. ஒண்ணே ஒண்ணு போதும்." சேலை வேண்டும், நகை வேண்டும் என்று அவள் கேட்டு நான் பார்த்ததில்லை. இதைத்தான் கேட்டாள், அதையும் என்னிடம் மட்டும்.

ரிக்கார்டிங் முடிந்தது. மைக் செட்டுக்காரர் பிளேயரை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு டேப்பைச் சுற்றிவிட்டுப் போட்டார் சித்தப்பா. முதல் சரணம் நன்றாக இருந்தது. அதற்கு அடுத்த இடையிசையில், வயலின்கள் ஓய்கிற இடத்தில், அது வந்தது. நெஞ்சுக்குழியில் தொடங்கி, உலோகத்தில் பட்டுத் திரும்பி, நீளமாக ஒரு 'ஊம்ம்'. மெதுவாக ஏறும், ஒரு சுற்றுச் சுற்றும், சரணம் ஆரம்பிக்கிற இடத்தில் சரியாக வந்து அடங்கும். பட்டாசாலையில் எல்லோரும் பெட்டியைச் சுற்றி நெருங்கி வந்தோம்.

ரெக்கார்டு ஓடும்போது இது கேட்கவில்லையே என்று அம்மா மட்டும் கேட்டாள், பக்கத்து வீட்டில் இருந்தும் அவளுக்குப் பாட்டு கேட்டிருக்கிறது. சித்தப்பா அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "நேருல கேட்டா பிடிபடாது மதினி. நம்ம செட்டு அம்புட்டு நுணுக்கமாப் பிடிச்சிருக்கு. இது ஜப்பான் வாத்தியம். பட்டனத் தட்டுனா இந்தச் சத்தம் வரும். மெட்ராஸ்ல ஒரே ஒரு ஆளுட்ட இருக்கு."

அப்படித்தான் ஜப்பான் எங்கள் வீட்டுக்கு வந்தது. பெருமை தாங்காமல் டேப்பைக் கொண்டுபோய் பஜாரில் இருந்த ரிக்கார்டிங் கடையில் கொடுத்தார். கடைக்காரன் அதையே வைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் பதிந்து கொடுத்தான். கொஞ்ச நாளில் ராஜபாளையத்தில் டீக்கடை, சலூன், தையல்கடை எங்கே அந்தப் பாட்டு ஓடினாலும் அந்தச் சத்தத்தோடுதான் ஓடியது. கோயம்புத்தூர்க்காரி வைத்திருக்கும் கேசட்டும் அந்தக் கடையில் பதிந்ததுதான்.

அப்புறம் ஆராய்ச்சி தொடங்கியது. சாயங்காலமானால் மூன்று மேதைகளும் எங்கள் வீட்டில் கூடுவார்கள். அம்மா டீ போட்டு மாளாது. மாஸ்டர் சொன்னார், "இது பைப் ஆர்கன். லண்டன்ல பெரிய கோயில் ஒண்ணுல போயி எடுத்துருக்காங்க." வாத்தியார் விடுவாரா? "அது சத்தமே இல்ல. ரெண்டு சத்தம் மோதும்போது நடுவுல வருத வித்தியாசம். காதுக்குத்தான் சத்தம் மாதிரித் தெரியும்" என்று, சத்தம் என்று நாம் எல்லோரும் கேட்டதையே இல்லாமல் ஆக்கிவிட்டார். இப்படிப்பட்டவரிடம் படித்தும் நம் ஊர்ப் பையன்கள் சிலர் தேறியிருக்கிறார்கள் என்றால் அது அவர்களின் தலைவிதி பலம். கடைசியில் ஜப்பான்தான் ஜெயித்தது. டேப் ரிக்கார்டர் சித்தப்பாவுடையது அல்லவா?

ஒரு நாள் அக்கா டீ கொடுக்க வந்தவள், "சித்தப்பா, நேத்து எதுத்த வீட்டு ரேடியோவுல அந்தப் பாட்டு போட்டான். அதுல இந்தச் சத்தம் வரலயே" என்றாள்.

"ரேடியோவுல எப்படிட்டீ வரும்? இது ஸ்டீரியோவுலதான் வரும்" என்றார் சித்தப்பா. அவருடைய டேப் ரிக்கார்டரில் இருந்தது ஒரே ஒரு ஸ்பீக்கர். மாஸ்டர் தலையாட்டினார். வாத்தியாரும் தலையாட்டினார். அக்கா தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. எனக்கு அது புரியவில்லை.

மறுநாள் பின்வாசலில் துவைகல் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். தண்ணீர் வராத நாள், குடங்கள் எல்லாம் காலி. பித்தளைக் குடத்தைத் தூக்கி மடியில் வைத்து, அதன் வாய்க்குள் முகத்தைக் குனிந்து, லேசாகப் பாடினாள். அதே சத்தம். அதே ஏற்றம், அதே சுற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அன்னைக்கு அடுப்படியில இருந்து கேட்டுட்டே இருந்தேனா, பாடாம இருக்க முடியலட்டீ. வெளிய கேட்டுரக் கூடாதுன்னு கொடத்துக்குள்ள பாடுனேன். அது இன்னும் நல்லாக் கேட்டுருக்கு" என்று சிரித்தாள். "பாடுதவகளுக்கு எடஞ்சல் பண்ணல. அவுக சும்மா இருந்த எடத்துல மட்டுந்தான்."

"ஏங்க்கா சொல்லல?"

"சொன்னா அப்பா சும்மா விடுவாகளா? பொறவு, எல்லாரும் நல்லாருக்கு, நல்லாருக்குங்காகல்லா. செத்த நாள் அப்படியே இருந்துட்டுப் போட்டும்."

சலூனில் அந்தப் பாட்டு ஓடும்போது அக்கா தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கமாக மெதுவாக நடப்பாள். ஊரே அவள் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தது. அது பெண் குரல் என்றுகூட ஒருவருக்கும் தெரியவில்லை. இவர்கள்தான் காதுள்ளவர்கள்.

அந்த வருஷம் ஆடிப்பூரத்தை ஒட்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மேடை சித்தப்பாவின் குழுவுக்குக் கிடைத்தது. யார் கையைக் காலைப் பிடித்தார் என்று தெரியாது. பாடுவதற்கு மதுரையில் இருந்து ஒரு அம்மாவை ஏற்பாடு செய்தார். நம்முடைய பாட்டுதான் முக்கியமான உருப்படி. ஆனால் அந்தச் சத்தத்துக்கு என்ன செய்வது? கீபோர்டில் வரவில்லை. சங்கு ஊதினார்கள். ரம்பத்தை வளைத்து வில்லால் இழுத்தார்கள். வாத்தியார் அறிவியல் முறைப்படி சோடா பாட்டில்களில் அளந்து அளந்து தண்ணீர் ஊற்றி ஊதினார், தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா ஒரு லாரி ஹாரனைக் கொண்டுவந்தார். எதிர்வீட்டு நாய் தொண்டை கிழிந்து செத்துவிடுமோ என்று பயமாக இருந்தது, அவ்வளவு குரைத்தது.

அன்றைக்குத்தான் அக்கா குடத்தோடு பட்டாசாலைக்கு வந்தாள். அப்பா நாற்காலியில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது.

"சித்தப்பா, அது வாத்தியம் இல்ல. நான்தான். ரிக்கார்டிங் அன்னைக்கு அடுப்படியில கொடத்துக்குள்ள நான் பாடுனதுதான் டேப்புல ஏறிருக்கு."

மூவரும் சிரித்தார்கள். நாகரிகமான ஆட்கள், விழுந்து விழுந்து சிரிக்கவில்லை, ஒருவரை ஒருவர் பார்த்து இதமாகச் சிரித்தார்கள். அப்பா பேப்பரை இறக்கி, "கொடத்த வச்சிட்டு உள்ள போ" என்றார்.

"இருங்கண்ணே. இவ என்னதான் செய்தான்னு பாப்போம்" என்றார் சித்தப்பா. வேறு வழி இல்லாதவர் அவர், லாரி ஹாரன் வரைக்கும் போய்ப் பார்த்தாயிற்று.

அக்கா பாடினாள். அச்சு அசலாக அதே சத்தம் எங்கள் பட்டாசாலையில் எழுந்து அடங்கியது. இப்போதாவது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? நீங்கள் இந்த மூன்று பேரையும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

மாஸ்டர் மூடியிருந்த கண்ணைத் திறந்தார். "கிட்டத்துல வருது. ஆனா ஒரிஜினல்ல ஒரு மெட்டல் சத்தம் இருக்கும். அது இதுல இல்ல." பித்தளைக் குடம் அவர் மூக்குக்கு நேரே இருந்தது.

"மனுசக் குரல்ல ஒரு பிசிறு இருக்கும். மிசின்ல இருக்காது. அதான் வித்தியாசம்" என்றார் வாத்தியார்.

"சுதி லேசாத் தப்புது" என்றார் சித்தப்பா. "ஒன்னையக் குத்தம் சொல்லல. ஜப்பான்காரன் செஞ்சத நாம செய்ய முடியுமா? டேப்பப் போட்டுப் போட்டுக் கேட்டுப் பழகு. முக்காவாசி வந்தாப் போதும், சமாளிச்சிருவோம்."

அவளுடைய குரலைக் கேட்டு அவளே பழக வேண்டுமாம். அதிலும் முக்கால்வாசிதான் வருமாம். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் அதற்கெல்லாம் அசரவில்லை. "நல்லாப் பாடுனா எனக்கு ஒரு பாட்டு தருவீகளா சித்தப்பா, மேடையில?" என்று கேட்டாள்.

"மொதல்ல இது அமையட்டும். அமைஞ்சா அடுத்த கச்சேரியில ஒனக்கு ஒரு பாட்டு. அண்ணனச் சம்மதிக்க வைக்கது எம் பொறுப்பு."

அப்பா யோசித்துவிட்டு, "தெரைக்குப் பின்னால நிக்கதுன்னா போட்டும். மூஞ்சி வெளிய தெரியக் கூடாது" என்று அனுமதி கொடுத்தார். குரல் தெரியலாம், முகம் தெரியக் கூடாது. அவ்வளவு தாராளம்.

அக்கா புளி போட்டு அந்தக் குடத்தைத் தேய்த்த தேய்ப்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அவளுக்கு மேடையே கிடைத்துவிட்டது போலத்தான். அடுத்த கச்சேரியில் எந்தப் பாட்டு பாடுவது என்று தினமும் என்னிடம் மாற்றி மாற்றிச் சொன்னாள்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எங்கள் தெருவே பஸ் ஏறியது. தேரடிப் பக்கம் ஒரு சந்தில் மேடை. அந்தச் சந்தில் பால்கோவா கிண்டுகிற வாசனையும் மிதிபட்ட துளசி வாசனையும் கலந்து நின்றன. மைக் செட்டும் நம் ஊர்க்காரருடையதுதான், மேடைக்கு ஓரமாகப் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தார். நான் திரைக்குப் பின்னால் அக்காவின் பக்கத்தில் நின்றேன். அவளுக்கென்று ஒரு மைக்கைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

சயின்ஸ் வாத்தியார் தொண்டையைச் செருமினார். "அடுத்து வரும் பாடலில், ஜப்பான் நாட்டு நவீன இசைக்கருவியின் அபூர்வ ஒலியை, நமது கலைஞர்கள் அப்படியே உங்கள் செவிகளுக்கு வழங்க இருக்கிறார்கள். கவனமாகக் கேளுங்கள்!"

கவனமாகத்தான் கேட்டார்கள். மதுரை அம்மா முதல் சரணத்தைப் பாடி முடித்தார். இடையிசை வந்தது. அக்கா குடத்துக்குள் குனிந்தாள். இவ்வளவு நன்றாக அவள் ஒருநாளும் பாடியதில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விசில். பிறகு கூட்டத்தில் இருந்து ஒருவன் கத்தினான்: "ஏலே, மில்லுல சங்கு ஊதியாச்சு! ராசவாளையத்துக்காரனெல்லாம் ஷிப்டுக்குப் போங்கலே!"

சந்தே அதிர்ந்து சிரித்தது. நம் தெருக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். "ஒரிஜினல்லயே இருக்குலே! பாட்டுக் கேக்கத் தெரியாத பயலுவளா!" "எந்த ஒரிஜினல்லலே இருக்கு? ஒங்க ஊருக்குன்னு தனியாப் போட்டுக் குடுத்தானா?" ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் வேறு எங்கோ பதிந்த கேசட்டில் கேட்டவர்கள், அவர்களுக்கு இந்தச் சத்தத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஊருக்கு ஊர் எகிறிக்கொண்டு நின்றது. கடித்த வெள்ளரிக்காய் ஒன்று கீபோர்டில் வந்து விழுந்தது. அன்றைக்கு அதில் சுருதி சுத்தமாக ஒலித்தது அந்த ஒரு தடவைதான்.

மைக் செட்டுக்காரருக்கு வெறுத்துவிட்டது. "சாலு, சாலு, போதும்" என்று எழுந்து, பெட்டியில் இருந்து அந்த ரெக்கார்டையே எடுத்துப் போட்டார். கூட்டம் அடங்கியது. குழாய்களில் பாட்டு ஓடியது. முதல் சரணம் முடிந்தது. இடையிசையில் வயலின்கள் வந்தன, ஓய்ந்தன. பிறகு வெறும் தாளம். சரணம் தொடங்கிவிட்டது. ஊளைச் சத்தம் கோபுரம் வரைக்கும் கேட்டிருக்கும். நம் தெருக்காரர்கள் துண்டை உதறிக்கொண்டு, சம்பந்தமே இல்லாதவர்கள் போல உட்கார்ந்தார்கள்.

சித்தப்பா திரைக்குப் பின்னால் பாய்ந்து வந்தார். "சுதிய விட்டுட்டியேட்டீ, பாவி! சுதி சேந்துருந்தா இம்புட்டுப் பேரு சிரிப்பானா? ஊரு முன்னால மானத்த வாங்கிட்டியே!"

ரெக்கார்டு ஓடி முடிந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். "ரெக்கார்டுலயே இல்லயே சித்தப்பா. அப்போ நம்ம டேப்புல இருக்கது யாரு?"

அவர் குடத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் நின்று அந்த முகத்தைப் பார்த்தவள் நான், புரிந்ததென்று அடித்துச் சொல்வேன். ஆனால் ஜப்பான் ஜப்பான் என்று ஊரெல்லாம் சொன்ன வாய், இனி என்ன சொல்லும்? "அந்த ரெக்கார்டு பழசு. தேஞ்சுபோச்சு. அந்த எடத்துல சத்தம் அழிஞ்சுபோச்சு" என்றார். சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அப்பாவுக்கும் புரிந்தது. அடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "அந்த எடத்த அழிச்சிரு" என்று சித்தப்பாவிடம் சொன்னார். அவர் அந்த இடத்துக்கு மட்டும் டேப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, மைக்கின் முன்னால் சும்மா உட்கார்ந்து, வெறுமையைப் பதிவு செய்தார். அதையாவது ஒழுங்காகச் செய்தாரா? நடுவில் இருமிவிட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டு டேப்பில், இரண்டாவது சரணத்துக்கு முன்னால் சித்தப்பா இருமுவார்.

அடுத்த கச்சேரி என்று ஒன்று நடக்கவே இல்லை. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கதை மட்டும் குடும்பத்தில் நிலைத்துவிட்டது. ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் சித்தப்பா அதைச் சொல்வார், "எல்லாம் நல்லாத்தான் போச்சு, இவ சுதிய விட்டா, கச்சேரியே கவுந்துபோச்சு." எல்லோரும் சிரிப்பார்கள். அதைப் போன்ற ஒரு கேவலமான சிரிப்பை நான் வேறெங்கும் கேட்டதில்லை. தை மாதம் அக்காவைச் சாத்தூரில் கட்டிக்கொடுத்தார்கள். நலங்கில் யாராவது பாடச் சொன்னால் "எனக்குச் சுதி சேராது" என்பாள். பிள்ளைகளைத் தட்டித்தான் தூங்க வைத்தாள், தாலாட்டுப் பாடியதில்லை. பேத்திக்கும் அதேதான். "வேண்டாம்ட்டீ, எனக்குச் சுதி சேராது." முதலில் அது சித்தப்பாவின் பேச்சாக இருந்தது. போகப்போக அவளே நம்பிவிட்டாள்.

இப்போது உங்களுக்கு வருகிறேன். அந்தப் பாட்டு இன்றைக்குப் போனில் தேடினால் சுத்தமாகக் கிடைக்கிறது. அதில் அந்தச் சத்தம் இல்லை. நேற்று நம்மில் ஒருத்தி அதைக் கேட்டும்விட்டாள். கேட்டுவிட்டு, 'இப்போது போடுவதில் அந்த மியூசிக்கை எடுத்துவிட்டார்கள், அந்தக் காலத்துத் தரமே தனி' என்று குழுவில் எழுதியிருக்கிறாள். பத்துப் பேர் அதை ஆமோதித்திருக்கிறீர்கள். சித்தப்பாவுக்கு வாரிசு இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோயம்புத்தூர்க்காரிக்கு மட்டும் நன்றி. அவள் மகனுக்கும்.

முந்தாநாள் சாத்தூருக்குப் போனேன். அக்கா முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் போனை அவள் பக்கத்தில் வைத்துப் பாட்டைப் போட்டேன். முதல் சரணம் வரைக்கும் கீரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இடையிசையில் அந்தச் சத்தம் வந்தது. கை நின்றது. முடிந்ததும், "அந்த எடத்த மறுபடி போடு" என்றாள். போட்டேன். குனிந்து, காதைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். வயலின் ஓய்ந்து, அவள் குரல் எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, சரணத்தில் வந்து சேர்ந்தது. கைவிரலால் தரையில் மெதுவாகத் தாளம் போட்டாள்.

"சுதி சரியாத்தான இருக்கு" என்றாள். என்னிடம் சொல்லவில்லை, போனைப் பார்த்துச் சொன்னாள்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "சித்தப்பா இருக்காகளா?" என்று கேட்டாள்.

"இருக்காக. காதுதான் சுத்தமாக் கேக்கல."

"முன்னாடி மட்டும் கேட்டுச்சாக்கும்" என்று சொல்லிவிட்டுக் கீரையை எடுத்தாள்.